இருபத்தோராவது கட்டம்

பேசின் பிரிட்ஜ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஒரு நினைவுதான். சென்ட்ரல் வந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நிற்பார்கள். ரயில் நின்றுவிடும். பத்து நிமிடம், சில நாள் அரை மணி. "இங்க வந்து நிறுத்திட்டானே" என்று திட்டாதவர் கிடையாது. இந்தப் பக்கத்திலேயே நாற்பது வருடமாகக் குடியிருக்கும் நானும் திட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், சிக்னல் கெட்டுப்போனா அது பச்சையா நிக்காது, சிவப்பாத்தான் நிக்கும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க. பழைய கைகாட்டி மரத்துல கம்பி அறுந்தாக்கூட எடை இழுத்து 'நில்'னு போயிடும். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் குடுப்பார். டிரைவர் அதை வாங்கிக்கிட்டு மெதுவா போவார்." அன்றிலிருந்து பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றால் நான் திட்டுவதில்லை. கெட்டுப்போவது எப்படி என்று முன்கூட்டியே யோசித்து வைத்த மனிதர்களின் வேலை அது.

அப்படி யோசிக்காத மனிதர்களைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் காரமாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதற்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் இதே கதைதான். எனக்கு முன்னால் எண்பது தாண்டிய ஓர் அம்மா. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். வியாசர்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் கைரேகைக் கருவியைக் காட்டி, "நேத்து ராத்திரி அப்டேட் போட்டாங்கம்மா, அதுக்கப்புறம் இது எடுக்கல. நாளைக்கு வாங்க" என்றது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நேத்தும் வந்தேன். இன்னிக்கும் வந்தேன். நான் உயிரோடதான் இருக்கேன்னு இந்தப் பொண்ணு கண்ணால பாக்குதே, அது போதாதா?"

எழுபத்தைந்து வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் இருக்கிறாரே என்று மகிழ்வதா, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றதற்கு வெட்கப்படுவதா?

முதலில் இந்த 'அப்டேட்' என்ற சொல்லைப் பார்ப்போம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இதற்கு 'மீஸ் ஆ ஜூர்' என்பார்கள். இன்றைய தேதிக்குக் கொண்டுவருவது என்று பொருள். கணக்குப் புத்தகத்தில் நேற்றுவரை எழுதியிருக்கிறது, இன்றைய வரவு செலவையும் எழுதி முடித்தாயிற்று. அதுதான் மீஸ் ஆ ஜூர். நேற்றுவரை எழுதியது அழிந்துபோனால் அதற்குப் பெயர் அது அல்ல. எங்கள் அலுவலகத்தில் ஒரு கிளார்க் லெட்ஜரை 'இன்றைய தேதிக்குக் கொண்டுவருகிறேன்' என்று சொல்லிவிட்டு அதன்மேல் மைப்புட்டியைக் கவிழ்த்திருந்தால் மறுநாள் மெமோ வந்திருக்கும். இன்று அதே காரியத்தை உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்கிறார்கள். மெமோ கொடுக்க ஆள் இல்லை.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை. ஆடி முதல் வெள்ளி. எங்கள் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே ஆரம்பித்திருந்தது. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியைப் போட்டால், மீனம்பாக்கத்தில் கூட்டம். விமான நிறுவனங்களின் கணினிகள் வேலை செய்யவில்லை. சென்னையிலும் ஐதராபாத்திலும் இன்னும் பல ஊர்களிலும் பேனாவை எடுத்து போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனில் ஸ்கை நியூஸ் நேரலை நின்றுபோனது. ஒரு வாரத்தில் ஒலிம்பிக் தொடங்க வேண்டிய பாரிஸில் ஏற்பாட்டுக் குழுவின் கணினிகளும் மாட்டிக்கொண்டன. நம் நாட்டில் பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் சிறிய பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. எங்கு பார்த்தாலும் நீலத்திரை.

முதலில் எல்லோரும் யாரோ எதிரி நாட்டுக்காரன் வேலை என்று நினைத்தார்கள். எதிரியும் இல்லை, திருடனும் இல்லை. திருடனைப் பிடிப்பதற்காக வைத்திருந்த காவல்காரன்தான் காரணம்.

அமெரிக்காவில் கிரவுட்ஸ்ட்ரைக் என்று ஒரு நிறுவனம். ஃபால்கன் என்ற காவல் மென்பொருளைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்கிறது. அது விண்டோஸ் கணினியின் அடிமடியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே நடப்பது ஒவ்வொன்றையும் கவனிக்கும். புதுப்புதுத் திருட்டு வழிகளைக் கண்டுபிடிக்கும்போது அதற்கு ஒரு சிறிய குறிப்பு அனுப்புவார்கள். அன்று நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அப்படி ஒரு குறிப்பு போனது. அதை வாங்கிய கணினிகள் விழுந்தன. மறுபடி எழுப்பினால், முதலில் எழுவது அந்தக் காவல்காரன்தான், அதே குறிப்பைப் படிப்பான், மறுபடி விழும். 10.57-க்குத் தவறு தெரிந்து குறிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடம். அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு. உலகத்தில் உள்ள விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த ஒரு சதவீதம் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்ததுதான் கோளாறு.

குறிப்பைத் திரும்பப் பெற்றதால் விழுந்தது தானாக எழுந்துவிடவில்லை. பெரும்பாலான இடங்களில் ஆள் நேரில் போய், ஒவ்வொரு கணினியாகத் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பூட்டுப் போட்டு வைத்திருந்த கணினிக்கு 48 இலக்கச் சாவி எண்ணைத் தட்ட வேண்டும். அனுப்பும்போது ஒரு பொத்தான், சரிசெய்யும்போது 85 லட்சம் நாற்காலி.

இனி காரணத்துக்கு வருகிறேன். என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். ஆகஸ்ட் 6-ஆம் தேதி அந்த நிறுவனமே விளக்க அறிக்கை வெளியிட்டது. என் பேரன் உட்கார வைத்து எனக்குப் புரிய வைத்தான். புரிந்ததும் நான் கேட்டேன், "டேய், இது கம்ப்யூட்டர் தப்பு இல்லடா, கிளார்க் தப்பு!"

அந்தக் குறிப்பு ஒரு படிவம் மாதிரி. படிவத்தில் 21 கட்டம். அதை வாங்கிப் பார்க்கும் நிரலுக்கோ 20 கட்டத்துக்கான விவரம்தான் கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம்! இந்தப் புதிய படிவம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதில் நான்கு குறிப்புகள் போயின. அவற்றில் 21-ஆவது கட்டத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று குறித்திருந்ததால் யாரும் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஜூலை 19 அன்றுதான் முதன்முதலாக அந்தக் கட்டத்தில் இருப்பதைப் பார் என்று சொன்னார்கள். பார்க்கப் போனால் கட்டமே இல்லை. இல்லாத இடத்தில் கை வைத்தது, விழுந்தது. நடுவில் சரிபார்ப்பதற்கென்று ஒரு நிரல் இருந்தது. அதுவும் 21 விவரம் வரும் என்று நம்பிக்கொண்டு 'சரி' என்று முத்திரை குத்தியிருக்கிறது.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் படிவங்களோடு வாழ்ந்தவன். புதிய ஸ்டேட்மென்ட் வந்தால் முதல் வேலை என்ன? பழைய ரிஜிஸ்டரை எடுத்து, கட்டங்களை எண்ணுவது. தலைப்புக்குத் தலைப்பு விரல் வைத்து எண்ண வேண்டும். டைப் அடித்த கடிதத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் ஒரிஜினலைப் பார்த்து ஒப்பிடுவார், இருவரும் இனிஷியல் போடுவார்கள். அது இல்லாமல் சூப்பிரண்டெண்ட் மேஜைக்குக் கோப்பு போகாது. படிப்பவரும் ஒப்பிடுபவரும் ஒரே காப்பியைப் பார்க்கக்கூடாது என்பது பியூனுக்குக்கூடத் தெரியும். ஒரே காப்பியைப் பார்த்தால் தவறும் இருவருக்கும் சரியாகத்தான் தெரியும். அந்த நிறுவனத்தின் சரிபார்ப்பு நிரல் செய்தது அதைத்தான்.

பள்ளியில் எங்களுக்கு 'தீக்தே' இருக்கும். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது. எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைக்க முடியாது. ஆசிரியர் மறுபடி முதலிலிருந்து மெதுவாகப் படிப்பார், நாங்கள் ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பிழைக்கு இத்தனை மதிப்பெண் என்று கழித்து, சிலருக்குப் பூஜ்யத்துக்கும் கீழே போகும். பத்து வயதுப் பையனிடம் எதிர்பார்த்ததை, விமானத்தையும் ஆஸ்பத்திரியையும் நம்பி ஒப்படைத்தவர்களிடம் எதிர்பார்க்கக்கூடாதா?

சரி, மனிதன் என்றால் தவறு வரும். நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை சர்க்குலரில் தேதியைத் தவறாகப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் என் தவறு சென்னைக்குள் நாலு அலுவலகத்தில் நின்றது. மறுநாள் திருத்தக் கடிதம் போனது. தவறு செய்ததைவிட, அந்தத் தவறை ஒரே நேரத்தில் அத்தனை இடத்துக்கும் அனுப்பியதுதான் பெரிய குற்றம் என்பேன். முதலில் நூறு கணினிக்கு அனுப்பு. ஒரு மணி நேரம் பார். பிறகு ஆயிரம், பிறகு லட்சம். ஆடிக் கூழ் காய்ச்சும் எங்கள் தெருப் பெண்கள்கூட ஊருக்கு ஊற்றும் முன் ஒரு கரண்டி வாயில் விட்டு உப்புப் பார்க்கிறார்கள்.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. வாங்கிய நிறுவனங்களில் சில முன்ஜாக்கிரதையாக இருந்தன. புதிய பதிப்பு வந்தவுடன் போடமாட்டோம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று தேர்ந்தெடுத்து வைத்திருந்தன. அவையும் விழுந்தன. அந்தத் தேர்வு மென்பொருளின் பதிப்புக்குத்தானாம், இந்தக் குறிப்புகளுக்கு இல்லையாம். வாசலைச் சாத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கொல்லைப்புறக் கதவு தன் கையில் என்று சொல்லாமல் விட்டது போல.

இது முதல் தடவையும் அல்ல. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் ஓர் அப்டேட் அனுப்பியது. அது விண்டோஸ் எக்ஸ்பி-யின் முக்கியமான ஒரு கோப்பையே வைரஸ் என்று எண்ணிப் பிடித்துப் போட்டது. உலகெங்கும் கணினிகள் முடங்கின. அப்போது அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2024-இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவரும் அதே ஜார்ஜ் கர்ட்ஸ்தான். எங்கள் காலத்தில் ஒரு முறை நடந்த தவறுக்கு சர்வீஸ் புக்கில் பதிவு இருக்கும்.

நஷ்டம் யாருக்கு? டெல்டா என்ற அமெரிக்க விமான நிறுவனம் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது, 50 கோடி டாலர் நஷ்டம் என்றது. ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு, அதிகம் போனால், ஒற்றை இலக்க மில்லியன் டாலர்களோடு முடிந்தது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பதில் எழுதினார். இரவு பகலாக உட்கார்ந்து சரிசெய்ய உதவிய கூட்டாளிகளுக்கு அந்த நிறுவனம் பத்து டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பியது. ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தியதால் மோசடியோ என்று சந்தேகப்பட்டு அந்தக் கூப்பனையும் கணினி நிறுத்திவிட்டது! சிரிப்பதா அழுவதா? செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அவர்களின் அதிகாரி வந்து மன்னிப்புக் கேட்டார். இனி படிப்படியாகத்தான் அனுப்புவோம், வாடிக்கையாளரே நேரத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

இங்கே என் பேரன் குறுக்கிடுவான். "தாத்தா, திருடன் காத்திருக்க மாட்டான். புது வைரஸ் வந்தா நிமிஷத்துல பதில் போகணும். நீங்க சொல்ற மாதிரி கோப்பு நகர்த்திக்கிட்டு இருந்தா வீடே காலி ஆயிடும்." அவன் சொல்வதில் நியாயம் உண்டு. அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடாமல் விட்டு, திருடன் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட கதைகளும் நிறைய. ஆனால் அவசரம் என்பது சோதிக்காமல் இருப்பதற்கு அனுமதி அல்ல. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் பிரேக் வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக நூறு கணினியில் போட்டுப் பார்த்திருந்தால் அந்த நூறோடு போயிருக்கும். திருடன் அந்த ஒரு மணி நேரத்தில் 85 லட்சம் கணினியையும் விழுத்தியிருக்க முடியுமா?

அன்று நம் அரசின் தேசிய தகவல் மையம் பாதிக்கப்படவில்லை என்று அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். மகிழ்ச்சி. ஆனால் தப்பித்தது வேறு, தயாராக இருப்பது வேறு. அன்று விமானங்கள் பறந்ததற்குக் காரணம் என்ன? கவுன்ட்டரில் இருந்த பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்கத் தெரிந்திருந்தது. காகிதம் கிடைத்தது. எழுதிய சீட்டை ஏற்றுக்கொள் என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் எல்லோரும் தரையில்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சிக்னல் சீட்டும் இதுதான். இயந்திரம் நின்றால் மனிதன் கையெழுத்தில் வேலை நடக்கும், மெதுவாக, ஆனால் நடக்கும்.

நம் கவுன்ட்டர்களில் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படிவம் இல்லை, எழுதத் தெரிந்தவர் இல்லை, ஏற்றுக்கொள்ள அதிகாரம் இல்லை. மீதி இருப்பது ஒரே வாசகம்: நாளைக்கு வாங்க. அமெரிக்காவில் டெல்டாவுக்கு வக்கீல் இருக்கிறார். வியாசர்பாடி அம்மாவின் இரண்டு நாள் ஷேர் ஆட்டோ காசுக்கு எந்த ஒப்பந்தத்தில் இடம்?

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். பொதுமக்கள் வந்து நிற்கும் எந்தக் கவுன்ட்டரின் கணினியிலும், வேறு சில இடங்களில் ஓடிப் பார்க்காத அப்டேட் ஏறக்கூடாது. நவம்பர் மாதம், சம்பளத் தேதி, பண்டிகைக்கு முந்தின நாள் போன்ற நேரங்களில் அதைத் தள்ளிவைக்கும் உரிமை அந்த அலுவலகத்துக்கு இருக்க வேண்டும். கணினி நின்றால் காகிதத்தில் வேலையை முடிக்க ஒரு படிவமும், ஓர் ஆளும், ஒரு முத்திரையும் எப்போதும் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருநாள் கணினியை அணைத்துவிட்டு அதைப் பழகியும் பார்க்க வேண்டும். இது பிற்போக்குத்தனம் என்றால் ரயில்வே சிக்னலும் பிற்போக்குத்தனம்தான்.

அந்த அம்மாவின் கதையை முடிக்காமல் விட்டேன். கவுன்ட்டர் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது என்ன செய்யும், பாவம். "பாப்பா, ஒண்ணும் வேண்டாம். இவங்க இன்னிக்கு நேர்ல வந்தாங்க, சிஸ்டம் வேலை செய்யல, அதனால திருப்பி அனுப்பினோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, தேதி போட்டு, சீல் வச்சுக் குடுத்துடுமா. போதும்" என்றேன். அது எழுந்து உள்ளே போனது. பெரிய அதிகாரி வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார், அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து மஞ்சள் பூத்த ஒரு கட்டை எடுத்துத் தூசி தட்டினார். அச்சடித்த லைஃப் சர்டிபிகேட் படிவம். அங்கேயேதான் இருந்திருக்கிறது. காகிதத்தில் கொடுக்கும் வழியை யாரும் ரத்து செய்யவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

படிவத்தை நானே நிரப்பினேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். அதிகாரி தம் முன்னால் கையெழுத்திட்டதாகச் சான்று எழுதிச் சீல் வைத்தார். ஏழு நிமிடம். ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு, "நல்லா இரு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை 'நாளைக்கு வாங்க' என்றால் சண்டை போடாதீர்கள். எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். முப்பத்தெட்டு வருடம் கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பீரோ திறக்கும்.